பாலும் ஒளியும்

நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லை வகுத்துக்கொண்டு கடலில் கலப்பது லிங்கி ஆறு. அதன் பெயரையே தாங்கிய சிற்றூர் லிங்கி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் சுரங்கங்களின் வெள்ளீயம் இந்த ஆற்று வழியாகவே கடலுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஈயத்தின் இடத்தை இரப்பர் பிடித்துக்கொண்டது. லிங்கியின் பெயரைத் தாங்கிய தோட்ட நிறுவனத்தின் பங்குகள் இலண்டன் சந்தையில் கைமாறின. அந்தப் பங்குகளுக்கு விலை ஏற்றிக் கொடுத்த உழைப்பு, கப்பலேறி வந்த தமிழர்களின் உழைப்பு. அவர்கள் விட்டுச்சென்ற செல்வம் எது என்று கேட்டால் பலரும் கோயிலையும் பள்ளியையும் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செல்வமும் உண்டு. அது பாலைக் கெடாமல் காக்கத் தெரிந்த அறிவு.

பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும்போது வானம் வெளுத்திராது. வெயில் ஏறுமுன்னர்தான் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகவே இருள் பிரியுமுன்னரே உளி பட்டையைத் தொட வேண்டும். வெட்டி முடித்த மரங்களில் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கும். வெயில் ஏறியபின் அதை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். அதற்குள் மங்கிலேயே உறைந்துவிட்டால் பால் என்ற பெயரில் விலைபோக வேண்டியது கட்டிப்பால் என்ற பெயரில் தாழ்ந்த விலைக்குப் போகும். துடைக்காத மங்கில் ஊற்றிய பால் விரைவில் கெடும். கழுவாத வாளியும் அப்படியே. ஆகவே மங்கைத் துடைப்பதும், வாளியைக் கழுவுவதும், வேண்டியபோது அமோனியா கலந்த நீரைச் சில சொட்டு விடுவதும் தொழிலின் ஒழுக்கமாயின. காலையில் வெட்டியவளின் கூலி, அந்த ஒழுக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தோட்டங்களில் பல்லாண்டு பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருத்தி, முதுமையில் சிரம்பானில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கூடத்துச் சுவரில் அகலமான புதிய தொலைக்காட்சிப் பெட்டி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் பேத்தி தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தாள். படிப்பின் உற்சாகம் அவளைப் பேசவைத்தது.

“பாட்டி, இந்தச் செவப்பையும் பச்சையையும் பாத்தீங்களா? கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னத் துகளுங்கதான் இந்த நிறத்தைக் குடுக்குது.”

மூதாட்டி சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அழகு இருக்கட்டும் கண்ணு. எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்?”

பால்வெட்டியவள் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அறிவியல் உலகமும் பல ஆண்டுகளாக அதே கேள்விக்குத்தான் விடை தேடி வருகிறது.

பேத்தி குறிப்பிட்ட துகள்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இப்புள்ளிகள் ஏறத்தாழ இரண்டு முதல் பத்து நானோமீட்டர் அளவினவான படிகங்கள். ஒரே பொருளாலான படிகம் சிறிதாக இருந்தால் நீலமாகவும், சற்றே பெரிதானால் பச்சையாகவும், இன்னும் பெரிதானால் சிவப்பாகவும் ஒளிரும். சாயத்தை மாற்றாமல் அளவை மாற்றியே நிறத்தை மாற்றலாம் என்பது இயற்கையின் வியப்புகளுள் ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் அலெக்சி எகிமோவ் வண்ணக் கண்ணாடியினுள் இவ்விளைவைக் கண்டார். அமெரிக்காவில் லூயிஸ் புரூஸ் நீர்மத்தில் மிதக்கும் துகள்களில் அதையே கண்டார். 1993-இல் மவுங்கி பவெண்டியும் அவர்தம் குழுவினரும் சூடேறிய நீர்மத்தில் மூலப்பொருளைத் திடீரெனச் செலுத்தி, அளவு மாறாத புள்ளிகளை விளைவிக்கும் வழியைக் கண்டறிந்தனர். 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

நிறம் கிடைத்தது, நிலைப்பு கிடைக்கவில்லை. தொடக்ககாலப் புள்ளிகள் காற்றுப் பட்டால் மங்கின. ஈரம் பட்டால் ஒளியிழந்தன. ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. ஏன்?

சிறு கணக்கு ஒன்று விடை சொல்லும். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்துப் பத்து அணுக்கள் அடுக்கிய ஒரு கட்டியை எண்ணிப் பார்க்கலாம். மொத்தம் 1,000 அணுக்கள். மேற்புற அடுக்கை உரித்துவிட்டால் உள்ளே எஞ்சுபவை எட்டு எட்டாக அடுக்கிய 512. ஆக, 488 அணுக்கள், கிட்டத்தட்டப் பாதி, மேற்பரப்பில் நிற்பவை. பக்கத்துக்கு நூறு அணுக்கள் கொண்ட கட்டியிலோ மேற்பரப்பில் நிற்பவை ஆறு விழுக்காடுதான். பொருள் சிறுக்கச் சிறுக்க அது பெரும்பாலும் மேற்பரப்பாகவே ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் உறவு உண்டு. மேற்பரப்பு அணுவுக்கு ஒரு பக்கம் கை நீட்டியபடியே நிற்கும், பற்றிக்கொள்ள ஆளில்லை. அந்த வெறுங்கையில் ஆக்சிஜன் ஒட்டும், நீர் ஒட்டும். ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றல் அந்த இடத்தில் சிக்கி வெப்பமாக வீணாகும். எனவே புள்ளியின் நலிவு உள்ளத்தில் இல்லை, தோலில் இருக்கிறது.

இந்த உண்மையைப் பால்மரம் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. இரப்பர்ப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். இரப்பர், கரைந்து கிடப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் புரதமும் கொழுப்புப் பொருளும் கலந்த மெல்லிய தோல் உண்டு. அத்தோல் எதிர்மின்னூட்டம் உடையது. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்பதால் உருண்டைகள் நெருங்குவதில்லை; பாலும் பாலாகவே இருக்கிறது. நுண்ணுயிர்கள் புகுந்து அமிலத்தை உண்டாக்கும்போது அம்மின்னூட்டம் அழிகிறது. உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. அமோனியா அந்நுண்ணுயிர்களை அடக்கி, அமிலத்தையும் முறித்து, தோலின் மின்னூட்டத்தைக் காக்கிறது. கொட்டகையில் தகடு செய்ய ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது இதற்கு நேர்மாறான வேலை. அங்கே வேண்டுமென்றே தோலின் காவலை நீக்குகிறார்கள்.

இவ்வறிவு அளவைக்கு உட்பட்ட அறிவாகவும் வளர்ந்தது. 1925-இல் நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முதலிய நிலையங்கள் பாலின் இயல்புகளை நுணுகி ஆராய்ந்தன. கையுறை முதலிய பொருள்களுக்காகப் பாலைச் சுழற்றிச் செறிவாக்கி, இரப்பர் 60 விழுக்காடு இருக்குமாறு செய்வார்கள். அது எத்துணை உறுதியானது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. திண்மம் 55 விழுக்காடாகுமாறு நீர்த்த பாலை, 35 பாகை வெப்பநிலையில் வைத்து, நிமிடத்துக்கு 14,000 சுற்று வீதம் கலக்குவார்கள். துணுக்குகள் திரளத் தொடங்கும் நேரத்தைக் குறிப்பார்கள். 650 வினாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது உலகத் தர அளவு. இதில் ஒரு விந்தையும் உண்டு. அமோனியா இட்டுச் சேமித்த பால், நாள் செல்லச் செல்ல இச்சோதனையில் கூடுதல் உறுதி பெறும். தோலிலுள்ள கொழுப்புப் பொருள் சிதைந்து கொழுப்பமிலமாகி, அமோனியாவோடு சேர்ந்து சவர்க்காரமாகி, உருண்டையின் மேற்பரப்பிலேயே படிந்து காவல் நிற்பதே காரணம். இன்னும் உறுதி வேண்டினால் சிறிதளவு சவர்க்காரத்தைப் புறத்திலிருந்தும் சேர்ப்பார்கள்.

குவாண்டம் புள்ளிகளுக்கும் அறிவியலார் இட்ட முதற்காவல் ஏறத்தாழ இதுவே. புள்ளியை விளைவிக்கும்போதே ஒலியிக் அமிலம், பால்மிட்டிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்களைச் சேர்க்கிறார்கள். அவற்றின் தலை புள்ளியின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். வால் வெளியே நீண்டு அடுத்த புள்ளியை நெருங்கவிடாமல் தடுக்கும். வெறுங்கையோடு நின்ற அணுவுக்குக் கைகோக்க ஒரு துணை கிடைக்கும். பால்மிட்டிக் என்ற சொல்லே பனையின் பெயரால் வந்தது. செம்பனை எண்ணெயில் இவ்விரு அமிலங்களே மிகுதி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. சிலியாவ், சுவா பெத்தோங் என்று போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டங்களைக் கடந்து செல்பவர் இரப்பர் நின்ற மேடுகளில் செம்பனை நிற்பதைக் காணலாம். பால்மரத்தை அகற்றிய மரம்தான் அது. பலரின் பிழைப்பை மாற்றிய மரமும் அதுவே. ஆயினும் பாலைக் காத்த அதே வகைப் பொருளைத் தன் குலையில் சுமந்துகொண்டு நிற்கிறது.

கொழுப்பமிலக் காவல் போதவில்லை. அது உறுதியாகப் பற்றுவதில்லை. ஒளியும் வெப்பமும் பட்டால் கழன்று போகிறது. சீசியமும் காரீயமும் கலந்த பெரோவ்ஸ்கைட்டுப் புள்ளிகள் 2015-இல் புகழ்பெற்றபோது, அவற்றின் தூய நிறத்தை எல்லோரும் வியந்தனர். ஆனால் அவை நீர் பட்டாலே சிதைந்தன; கழுவித் தூய்மை செய்யும்போதே காவல் கழன்றது. ஆகவே சவர்க்காரத் தோலுக்கு உள்ளே கடினமான ஓடு ஒன்று வேண்டியதாயிற்று. 1996-இல் மார்கரெட் ஹைன்ஸ், பிலிப் கியோ-சியோனெஸ்ட் ஆகிய இருவரும் காட்மியம் செலினைடுப் புள்ளியின்மேல் துத்தநாக சல்பைடு ஓட்டை வளர்த்தனர். ஒளியின் விளைச்சல் 50 விழுக்காடாக உயர்ந்தது. புள்ளி விதையானது, ஓடு அதன் கொட்டையானது.

துத்தநாக சல்பைடு நெகிரி செம்பிலானுக்குப் புதிய பொருளன்று. 1963 திசம்பர் 28-இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1978-இல் வண்ணம் வந்தது. தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஒரே பெட்டியின் முன்னே ஊரே கூடியிருந்த காலம் அது. அப்பெட்டிகளின் படக்குழாயினுள் பூசிய ஒளிர்பொடிகளில் நீலமும் பச்சையும் துத்தநாக சல்பைடிலிருந்தே பிறந்தன. வெள்ளி சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சை. 1990-களில் சாம்சங் நிறுவனம் சிரம்பான் வட்டாரத்தில் படக்குழாய்த் தொழிற்சாலை நடத்தியது. உளி பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைப் பேருந்தில் ஏறிய காலம் அது. படக்குழாய்க் காலம் முடிந்தபின் சிரம்பானில் அந்நிறுவனம் மின்கலம் செய்யத் தொடங்கியது. அங்கே ஒளிர்ந்த பொருளே இன்று வேறிடங்களில் ஒளிரும் புள்ளிக்கு ஓடாகக் காவல் நிற்கிறது.

ஓட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. படிகத்தில் அணுக்களுக்கிடையே உள்ள இடைவெளி பொருளுக்குப் பொருள் மாறும். காட்மியம் செலினைடுக்கும் துத்தநாக சல்பைடுக்கும் இவ்வேறுபாடு ஏறத்தாழ 12 விழுக்காடு. பொருந்தாத சட்டை தையல் விடுவது போல, பொருந்தாத ஓடு தடிக்கத் தடிக்க விரிசல் காணும். விரிசல் வழியே ஆக்சிஜன் புகும். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுடைய பொருளை நடுவில் வளர்த்து, உள்ளிருந்து வெளியே படிப்படியாக மாறும் ஓட்டை அமைத்தார்கள்.

ஆனால் பெருங்கேள்வி ஒன்று எஞ்சியது. காட்மியம் நஞ்சு. ஜப்பானில் ஜின்சூ ஆற்றில் கலந்த சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் வயலுக்கும் சோற்றுக்கும் வந்து சேர்ந்தது. எலும்பு மெலிந்து முறியும் இதாய்-இதாய் நோய் வந்தது. பெரும்பாலும் முதிய பெண்களே வதைபட்டனர். 1968-இல் ஜப்பானிய அரசு இதை மாசினால் விளைந்த நோயென ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் மின்பொருள்களில் காட்மியத்தின் அளவைப் பொருளின் எடையில் 0.01 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாதென விதித்தது. ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். திரையின் உள்ளே இருப்பது ஒருநாள் திரைக்கு வெளியே வரும். குப்பைமேட்டுக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். நிலைப்பு என்பது வாங்கியவரின் பணத்தை மட்டும் காப்பதன்று. நஞ்சு கசியாமல் காப்பதும் அதுவே.

காட்மியத்துக்கு மாற்றாக வந்தது இந்தியம் பாஸ்பைடு. அதன் நிறம் நன்று. ஆனால் காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பு ஆக்சைடாகிவிடும். அந்த அழுக்கின்மேல் வளர்த்த ஓடு ஒட்டாது. 2019-இல் தென்கொரியாவில் சாம்சங் ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டனர். ஓடு வளரத் தொடங்கும்போதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்து ஆக்சைடை அரித்தெடுத்தனர். பிறகு 340 பாகை வெப்பத்தில் துத்தநாக செலினைடைத் தடிப்பாக வளர்த்து, அதன்மேல் துத்தநாக சல்பைடைப் போர்த்தினர். உட்கொண்ட ஒளியை ஏறத்தாழ முழுவதும் திருப்பித் தரும் சிவப்புப் புள்ளி கிடைத்தது. மின்சாரத்தால் நேரடியாக ஒளிரும் விளக்கில் அதை வைத்தபோது, சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்னும் மிதமான வெளிச்சத்தில், ஒளி பாதியாகக் குறைய பத்து இலட்சம் மணி நேரம் ஆகும் என்று கணித்தனர். 114 ஆண்டுகளுக்கு ஈடான காலம் அது. இது உட்கார்ந்து எண்ணிய காலமன்று. மிகுந்த வெளிச்சத்தில் விரைந்து தேயவிட்டு, அதிலிருந்து கணக்கிட்ட காலம்.

நீலம் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 2020-இல் துத்தநாகம், டெலூரியம், செலினியம் கலந்த புள்ளிகளால் காட்மியமற்ற நீல விளக்கு செய்தபோது, அதே வெளிச்சத்தில் அதன் அரைவாழ்வு 15,850 மணி நேரம் என வெளியிட்டனர். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். தொலைக்காட்சிக்கு வேண்டிய வெளிச்சமோ இதைவிடப் பன்மடங்கு. ஆகவே மின்சாரத்தால் நேரடியாக ஒளிரும் புள்ளித் திரைகள் இன்னும் வீடுகளுக்குப் பரவலாக வந்து சேரவில்லை. கடைகளில் விற்கும் பெட்டிகளில் புள்ளிகள் வேறு வேலை செய்கின்றன. பின்னே எரியும் நீல ஒளியை உண்டு, சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகின்றன. அங்கும் அவற்றைத் தனித்து விடுவதில்லை. பிசினில் பதித்து, இருபுறமும் காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஏடுகளால் மூடுகிறார்கள். 60 பாகை வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பல நூறு மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். அவ்வறையின் ஈரம் லிங்கியின் விடியற்காலைக்குப் புதியதன்று. குளிர்நாட்டில் நெடுநாள் நிற்கும் பொருள் இம்மண்ணிலும் நிற்குமா என்பதை இம்மண்ணின் காற்றே சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. புள்ளியின் நிறத்தைக் கண்டுபிடித்தது பெருமை. அந்நிறத்தை நிலைக்கச் செய்வதற்கு வேண்டியதோ பொறுமை. முதலாவதற்குப் பரிசு உண்டு. இரண்டாவது வேலையோ, அழுக்கை நீக்கு, மூடு, மீண்டும் மூடு, காத்திரு, அளந்து பார் என்று ஓயாது நடக்கும். பால்மரத் தோட்டத்திலும் மரத்தை நட்டவனின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஏடுகளில் ஏறின. மங்கைத் துடைத்தவளின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆயினும் அவள் துடைக்காத நாளில் பால், பாலாக வந்து சேர்ந்ததில்லை. தோட்டத்து மக்களைக் கல்வியற்றவர் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர், அவர்கள் ஆண்டாண்டாகக் கைக்கொண்ட இந்த அறிவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? அதைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுக்காமல் மூதாட்டி போய்விட்டால், இழப்பு மூதாட்டிக்கு அன்று.

சிரம்பான் வீட்டுக் கூடத்தில் பேத்தி இவற்றையெல்லாம் தன்னால் இயன்ற எளிய தமிழில் பாட்டிக்கு விளக்கினாள். தோல் கெட்டால் துகள் கெடும் என்றாள். அழுக்கை நீக்கிய பிறகே ஓடு ஒட்டும் என்றாள். காற்றும் ஈரமும் அண்டக்கூடாது என்றாள். காய்ப்பேறிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி மூதாட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் சொன்னாள்:

“அப்ப, மங்கு தொடைக்கிற வேலதான்னு சொல்லு.”

பேத்திக்கு மறுக்கத் தோன்றவில்லை. மங்கை எப்படித் துடைப்பார்கள் என்று அன்றுதான் முதன்முதலாகப் பாட்டியைக் கேட்டாள்.